லிதியம் பாட்டரிகளும் சார்ஜர்களும்: குறை காணும் முறை

மின்சாரத்தைச் சேமித்து வைத்துப் பயன்படுத்தும் கருவி ஒன்றேனும் இல்லாத வீட்டை இன்று மேலகரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் காண்பது அரிது. வயலில் மருந்து தெளிக்கும் பாட்டரி ஸ்பிரேயர், தறிக்குழியின் அருகே தொங்கும் எமர்ஜென்ஸி விளக்கு, இரவில் நீர் பாய்ச்சச் செல்வோர் கையிலுள்ள டார்ச், எல்லோர் மடியிலும் இருக்கும் செல்போன், சிலர் வீட்டு வாசலில் நிற்கும் மின்சார ஸ்கூட்டர் என இவை பலவகைப்படும். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியபொழுது மின்சாரம் என்பது கம்பி வழியே வருவது. கம்பி உள்ள இடத்தில் மட்டுமே பயன்படுவது. இன்றோ அதனை முதுகிற் சுமந்துகொண்டு வரப்பின்மீது நடக்கிறோம்.

இவ்வசதியோடு ஒரு தொல்லையும் வந்து சேர்ந்திருக்கிறது. இரவு முழுவதும் சார்ஜரில் போட்டு வைத்த ஸ்பிரேயர் காலையில் ஓட மறுக்கிறது. சாரற் காலத்தில் கணவாய் வழியே காற்று ஓங்கி வீசும் நாட்களில், மருந்தடிக்க ஏற்ற அமைதியான நேரம் காலையில் சில மணிகளே கிட்டும். அந்நேரம் தவறினால் அன்றைய வேலை கெட்டது. கூலி ஆட்களும் வீணாகத் திரும்ப வேண்டியதுதான். இந்நிலையில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. பாட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டிப் புதுப் பாட்டரி வாங்குகிறார்கள். குறையோ அரையடி வயரில் இருக்கிறது. அல்லது, துளையிற் பொருந்துகிறது என்பதற்காகவே கிடைத்த சார்ஜரை வாங்கிச் செருகுகிறார்கள். அதனால் நல்ல பாட்டரியும் கெடுகிறது. முன்னது பண நஷ்டம். பின்னது பண நஷ்டத்தோடு நில்லாமல், நூலும் பாவும் நிறைந்த வீட்டில் தீ விபத்தாகவும் முடியக்கூடும்.

ஆகவே, குறை எங்கே உள்ளது என்பதை ஒழுங்கான வரிசையில் ஆராய்ந்து அறியும் முறையையும், நம் கையால் செய்யத் தக்கது எது, தகாதது எது என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க முற்படுகிறோம். சார்ஜரை மின்னேற்றி என்று தமிழிற் கூறலாமாயினும், மக்கள் வழக்கில் உள்ள சொல்லையே நாமும் கையாள்கிறோம்.

பாட்டரியின் இயல்பு

லிதியம் அயனிப் பாட்டரியை 1991ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய சோனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிகோலிய ஆராய்ச்சிகளுக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அக்கிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. பழைய ஈயப் பாட்டரியைவிட இது எடையிற் குறைந்தது. ஆனால் அதைவிடக் கண்டிப்பானது. ஈயப் பாட்டரி சிறிது கூடுதலாக ஏற்றினாலும் பொறுத்துக்கொள்ளும். லிதியம் பாட்டரி பொறாது.

பாட்டரிப் பெட்டியின் உள்ளே செல் எனப்படும் சிறு கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. பெருவழக்காக உள்ள வகையில் ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட், நிறைந்த நிலையில் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றலாகாது. லிதியம் இரும்பு பாஸ்பேட் என்னும் மற்றொரு வகையில் சராசரி 3.2 வோல்ட், நிறைவு 3.65 வோல்ட். இவ்வெண்களை நினைவிற் கொண்டால் சார்ஜரின்மீது அச்சிட்டுள்ள எண் நமக்குப் பொருள் விளங்கும். 12.6 வோல்ட் என்றிருந்தால் முதல் வகைச் செல்கள் 3 சேர்ந்த பாட்டரிக்கு உரியது. 16.8 என்றால் அவ்வகைச் செல்கள் 4. 14.6 என்றால் இரும்பு பாஸ்பேட் செல்கள் 4.

சார்ஜரானது வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைக் குறைத்து நேர்மின்சாரமாக்கி, இரண்டு கட்டங்களில் பாட்டரிக்குள் செலுத்துகிறது. முதற் கட்டத்தில் குறிப்பிட்ட அளவு மின்னோட்டம் ஒரே சீராகச் செல்லும். பாட்டரி உச்ச அழுத்தத்தை எட்டியதும், அழுத்தத்தை அதற்குமேல் உயரவிடாமல் நிறுத்திக்கொண்டு, மின்னோட்டம் படிப்படியாகக் குறைக்கப்படும். குடம் விளிம்பை நெருங்கும்பொழுது குழாயைச் சிறுகச் சிறுக மூடுவதை இதற்கு ஒப்பிடலாம். மின்னோட்டம் மிகவும் குறைந்ததும் சார்ஜர் நிறைவு விளக்கைக் காட்டிவிட்டு ஓய்கிறது.

இவையன்றி, பாட்டரிப் பெட்டிக்குள் காப்புப் பலகை ஒன்றும் உண்டு. மெக்கானிக்குகள் இதனை பி.எம்.எஸ். என்பர். அழுத்தம் மிகுந்தாலும், அளவுக்கு மீறிக் குறைந்தாலும், சூடு ஏறினாலும் இது இணைப்பைத் துண்டித்துவிடும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று நாம் எண்ணும் நேரங்கள் பலவற்றில் உண்மையில் நிகழ்வது இந்தப் பலகையின் காவற் செயலே.

குறையைத் தேடும் வரிசை

சுவரிலிருந்து பாட்டரி வரை மின்சாரம் ஐந்து கண்ணிகள் வழியே செல்கிறது: சுவர்ப் பிளக், சார்ஜரின் வயர், சார்ஜர், கருவியில் செருகும் முனை, பாட்டரி. இவற்றை இவ்வரிசையிலேயே சோதித்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். சார்ஜரையும் பிளக்கையும் ஒருங்கே மாற்றிவிட்டால், கருவி ஓடத் தொடங்கினாலும் குறை எதிலிருந்தது என்பது தெரியாமலே போகும்; மறுமுறையும் அதே குறை வந்து நிற்கும்.

1. சுவர்ப் பிளக்: வேறொரு கருவியை, நன்றாக ஓடுகிறதென்று நாம் அறிந்த ஒன்றை, அதே பிளக்கில் செருகிப் பார்க்கவேண்டும். அது ஓடினால் பிளக்கின்மேல் குற்றமில்லை. பிளக் தளர்ந்திருந்து, சார்ஜர் தன் எடையாலேயே சாய்ந்து தொங்கினால், தொடர்பு விட்டுவிட்டு வரும். உள்ளே பொறி தோன்றிப் பிளக்கும் கருகும். கரிந்த கறையோ உருகிய விளிம்போ தென்பட்டால் எலெக்ட்ரீஷியனை அழைத்து மாற்றிக்கொள்ளாமல் அதனைப் பயன்படுத்தலாகாது.

மாலை வேளைகளில் வோல்டேஜ் இறங்கும் பகுதிகளில் உள்ளோர் சார்ஜரின்மீது 'இன்புட்' என்னும் சொல்லுக்கு எதிரே உள்ள எண்களைப் பார்க்கவேண்டும். 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருந்தால் தாழ்ந்த வோல்டேஜில் அது கெடாது. தன் வேலையைச் செய்யும். தொடக்க எண் 180 அல்லது 200 என்றிருப்பவை தாழ்ந்த வோல்டேஜில் நின்றுவிடலாம். அச்சார்ஜர் இரவு நடுவில் தானே சரியாகிவிட்டால் குறை அதனுடையதன்று.

வோல்டேஜ் இறங்குவதைவிட ஏறுவதே கேடு. மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கியும் வந்துவிடக்கூடும். விளக்குகள் சட்டெனக் கூடுதல் வெளிச்சத்தோடு எரிந்தால் உடனே மெயினை அணைப்பது நன்று. சித்திரை, வைகாசி மாதங்களின் கோடை இடியும், ஐப்பசி, கார்த்திகையின் அடைமழை இடியும் சார்ஜர்களுக்குப் பெரும் பகை. வானம் இருண்டு இடி முழங்கும்பொழுது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. சார்ஜரைப் பிளக்கிலிருந்தே எடுத்துவிடல் வேண்டும்.

2. வயர்: வயர் கெடுவது பெரும்பாலும் நடுவில் அன்று, சார்ஜரை விட்டு வெளிவரும் இடத்திலும், முனையைச் சேரும் இடத்திலுமே. அங்கேதான் நாள்தோறும் மடிகிறது. மேலே உறை நன்றாகத் தோன்றினும் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். இழை அறுந்த பாவுபோல் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. சார்ஜரை இணைத்த நிலையில், உறை முழுமையாக உள்ள இடத்தில் மட்டும் பிடித்து, முனைக்கு அருகே மெதுவாக வளைத்துப் பார்க்கவேண்டும். விளக்கு பச்சைக்கும் சிவப்புக்கும் மாறி மாறித் துடித்தால் குறை அங்கேதான். உறை கிழிந்து செம்பு தெரியும் வயரை இவ்வாறு சோதிக்கவே கூடாது.

3. சார்ஜரின் விளக்கு: விளக்கு நமக்குச் சொல்வதைச் சரியாகப் பொருள் கொள்ளவேண்டும். பெரும்பாலான சார்ஜர்களில் சிவப்பு என்பது மின்னோட்டம் செல்கிறது என்பதற்கு அடையாளம். பச்சை என்பதைப் 'பாட்டரி நிறைந்தது' என்று பலரும் கொள்கிறார்கள். அதன் உண்மைப் பொருள் 'மின்னோட்டம் செல்லவில்லை' என்பதே. பாட்டரி நிறைந்தாலும் செல்லாது. வயர் அறுந்தாலும் செல்லாது. காப்புப் பலகை துண்டித்திருந்தாலும் செல்லாது. ஓடி ஓய்ந்த ஸ்பிரேயரைச் செருகியவுடனே பச்சை எரிந்தால், மின்சாரம் பாட்டரியைச் சேரவில்லை என்று அறியவேண்டும். இரவு முழுவதும் பச்சை எரிந்ததென்று நம்பிக் காலையில் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

விளக்கே எரியாவிடில், கருவியிலிருந்து சார்ஜரைக் கழற்றிவிட்டுத் தனியே செருகிப் பார்க்கவேண்டும். அப்பொழுதும் எரியாவிட்டால் சார்ஜர் பழுது. தனியே எரிந்து, கருவியில் செருகியதும் அணைந்துவிட்டால், கருவியிலோ பாட்டரியிலோ ஷார்ட் இருக்கலாம். உடனே கழற்றிவிடல் வேண்டும்.

4. மீட்டர் கொண்டு அளத்தல்: மல்டிமீட்டர் ஒன்று கையிலிருந்தால் ஐயம் நீங்கும். கறுப்பு ஊசியைப் பொதுத் துளையிலும், சிவப்பு ஊசியை வோல்ட் துளையிலும் செருகி, நேர்மின்சாரம் 20 வோல்ட் என்னும் இடத்தில் திருகியை வைக்கவேண்டும். ஆம்பியர் துளையில் ஊசியை வைத்து வோல்ட் அளக்க முற்படுவது ஷார்ட் செய்வதற்கு ஒப்பாகும். சார்ஜரைச் சுவரில் செருகி, மறுமுனையின் உட்துளையில் சிவப்பு ஊசியையும் வெளிவளையத்தில் கறுப்பு ஊசியையும் தொடவேண்டும். இரண்டு ஊசிகளும் ஒன்றையொன்று தொடாமற் பார்த்துக்கொள்ளவேண்டும். எண்ணுக்கு முன் கழித்தல் குறி தோன்றினால் முனையின் நேர், எதிர் மாறியிருக்கிறது என்று பொருள். சார்ஜரிலும் கருவியிலும் சிறு வட்டப் படத்தில் அச்சிட்டிருக்கும் நேர், எதிர் அடையாளத்தோடு அது ஒத்திருக்கிறதா எனக் காணவேண்டும்.

12.6 வோல்ட் சார்ஜரில் ஏறத்தாழ அதே எண் தோன்றினால் நலம். ஒன்றுமே தோன்றாவிடில், வயரோ உள்ளுறுப்போ கெட்டிருக்கலாம். ஆனால் சில சார்ஜர்கள் பாட்டரியைக் கண்டால் மட்டுமே மின்சாரத்தை வெளிவிடும் அமைப்புடையவை. ஆதலின் இந்த ஒரு சோதனையை மட்டும் கொண்டு அவற்றைத் தள்ளிவிடலாகாது. எண் 13, 14 என்று மிகுந்து நின்றால் அச்சார்ஜரை அந்த நிமிஷமே ஒதுக்கிவிடவேண்டும். ஓடாத சார்ஜர் வேலையைக் கெடுக்கும்; அளவு மீறிய சார்ஜரோ பாட்டரியை எரிக்கும்.

சார்ஜர் தனித்திருக்கும்பொழுது சரியான எண்ணைக் காட்டிப் பாட்டரியோடு சேர்ந்ததும் சோர்ந்துபோவதும் உண்டு. இதனை அறிய எளிய வழி ஒன்று உளது. பல ஸ்பிரேயர்களில் வோல்ட் காட்டும் சிறு மீட்டர் பொருத்தப்பட்டிருக்கிறது. சார்ஜரில் போடுமுன் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அரை மணி கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். எண் ஏறியிருந்தால் மின்சாரம் செல்கிறது. அசையாதிருந்தால் செல்லவில்லை.

கால அளவும் ஒரு சான்றாகும். 8 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரியை 1.7 ஆம்பியர் சார்ஜர் நிரப்ப, கணக்கின்படி ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. இறுதிக் கட்டம் மெதுவாதலின் ஆறு மணி வரை கொள்ளலாம். ஒரு மணியிலேயே நிறைந்து, வயலில் சிறிது நேரத்தில் ஓய்ந்துவிட்டால், பாட்டரி தன் கொள்ளளவை இழந்துவிட்டது. சார்ஜரைக் குறை கூறிப் பயனில்லை. பத்து மணியாகியும் சிவப்பு மாறாவிட்டால் சார்ஜர் வலுவிழந்திருக்கலாம். அல்லது செல் ஒன்று உள்ளே கசிந்துகொண்டிருக்கலாம். பின்னதில் பாட்டரி சுடும். அச்சூடு எச்சரிக்கை என்று கொள்க.

5. செருகும் முனை: ஸ்பிரேயரில் சார்ஜ் செய்யும் துளை பெரும்பாலும் தொட்டியின் அடிப்பாகத்தில் இருப்பதால், மருந்து நீரும் சேறும் அதில் புகுகின்றன. ரப்பர் மூடியை மூடாதுவிட்டால் பச்சைக் களிம்பு படர்ந்து தொடர்பு கெடும். வேலை முடிந்ததும் துளையைத் துடைத்து, காய்ந்தபின் மூடுதல் வேண்டும். நெசவாளர் வீடுகளில் செல்போனுக்கு வேறொரு குறை நேர்கிறது. தறியிலும் ராட்டையிலும் பறக்கும் பஞ்சுத் துகள் போனின் துளையிற் சேர்ந்து, ஒவ்வொரு முறையும் வயர் செருகப்படும்பொழுது அழுந்தி, தக்கைபோல் இறுகிவிடுகிறது. பின்பு வயர் முழுதும் உள்ளே செல்லாது. சிறிது அசைத்தால் ஏறும், விட்டால் நிற்கும். போனை அணைத்துவிட்டு, மெல்லிய மரக்குச்சியால் மெதுவாகத் துகளை நெம்பி எடுத்தால் பெரும்பாலும் குறை தீர்ந்துவிடும். ஊசியையோ கம்பியையோ உள்ளே விடலாகாது.

சாரலில் நனைந்த போன் சார்ஜ் ஏற மறுத்தால் அது பழுதன்று. துளையில் ஈரம் உள்ளதென்று கண்டு போனே மறுக்கிறது. துளை கீழ்நோக்குமாறு வைத்துக் காற்றில் உலரவிடவேண்டும். அடுப்பங்கரையில் வைத்துச் சூடேற்றுவது பாட்டரிக்குக் கேடு.

பெயர் ஒன்று, அளவு வேறு

நம்மிடையே மிகுதியாக நிகழும் தவறு ஒன்றைத் தனியே எடுத்துரைப்பது அவசியமாகிறது. ஸ்பிரேயர்களில் பழைய ஈயப் பாட்டரி உள்ளவையும் உண்டு. லிதியம் பாட்டரி உள்ளவையும் உண்டு. இரண்டுக்கும் கடைக்காரர் கூறும் பெயர் '12 வோல்ட்' என்பதே. செருகும் முனையும் பல சமயம் ஒரே அளவாக உள்ளது. ஆனால் ஈயப் பாட்டரிக்கான சார்ஜர் 14 வோல்ட்டையும் தாண்டிச் செல்லக்கூடியது. மூன்று செல் லிதியம் பாட்டரியோ 12.6க்கு மேல் தாங்காது. அவ்வாறு மாற்றிச் செருகினால் தீங்கைத் தடுத்து நிற்பது உள்ளேயிருக்கும் காப்புப் பலகை ஒன்றே. மலிவான பாட்டரிகளில் அது நம்பத் தக்கதாக இராது. ஒருமுறை தப்பிவிட்டதால் மறுமுறையும் தப்பும் என்று கொள்ளலாகாது.

ஆகவே சார்ஜர் வாங்கும்பொழுது முனை பொருந்துகிறதா என்பதைக் கடைசியாகப் பார்க்கவேண்டும். முதலில் பார்க்கவேண்டியவை மூன்று. பாட்டரியின் வகை ஈயமா, லிதியமா, லிதியத்திலும் எவ்வகை என்பது ஒன்று. 'அவுட்புட்' என்பதற்கு எதிரே உள்ள வோல்ட், பழைய சார்ஜரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்பது இரண்டு. ஆம்பியர், பழையதைவிட மிகாமல் இருக்கிறதா என்பது மூன்று. ஆம்பியர் குறைந்தால் நேரம் கூடும், வேறு தீங்கில்லை. மிகுந்தால் பாட்டரி சூடேறும்.

செல்போன் சார்ஜர்கள் இவ்விதிக்குச் சற்று விலக்கானவை. போனுக்குள்ளேயே மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருப்பதால், சார்ஜர் அளிக்கக்கூடிய ஆம்பியர் கூடுதலாக இருந்தாலும் போன் தனக்கு வேண்டியதையே எடுத்துக்கொள்ளும். இவற்றில் கவனிக்கவேண்டியது தரமே. இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு பெற்ற சார்ஜரின்மீது 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தும் அதனை அடுத்து எட்டு இலக்க எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் செயலியில் அவ்வெண்ணை இட்டு, அது உண்மையானதா என்று கடையில் நின்றபடியே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வேலையில்லாக் காலத்தில் நேரும் கேடு

காரறுவடைக்குப் பின் கழுவி மூலையில் வைத்த ஸ்பிரேயரைச் சில மாதங்கள் கழித்து எடுத்துச் சார்ஜரில் போட்டால், ஏறவே மாட்டேன் என்கிறது. சார்ஜர் கெட்டது என்கிறார்கள். உண்மையில், பாட்டரி சும்மா இருந்த நாட்களில் சிறிது சிறிதாகக் குறைந்து, காப்புப் பலகை இணைப்பைத் துண்டிக்கும் நிலைக்குத் தாழ்ந்துவிட்டது. நல்ல சார்ஜர்கள் அத்தகைய பாட்டரிக்கு முதலில் மிகச் சிறு மின்னோட்டத்தை அனுப்பிப் பார்த்து, அழுத்தம் உயர்ந்தால் மட்டுமே முழு அளவுக்குச் செல்லும். உயராவிட்டால் நிறுத்திவிடும்.

இதனை மீறி, வேறு பாட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்து 'எழுப்பி' விடும் வழக்கம் சிலரிடம் உள்ளது. இது ஆபத்தான செய்கை. செல் நெடுநாள் மிகத் தாழ்ந்து கிடந்தால் உள்ளேயுள்ள செம்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் ஏற்றும்பொழுது கரைந்த செம்பு வேண்டாத இடத்திற் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் உண்டாக வழி செய்யும். எழுந்த பாட்டரி அன்று ஓடும்; பின்னொரு நாள் சார்ஜரில் இருக்கும்பொழுது சூடேறித் தீப்பற்றவும் கூடும். இக்கேடு வராமற் காப்பது மிக எளிது. எடுத்து வைக்கும்பொழுது பாதி அளவு சார்ஜோடு வைத்து, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து மீண்டும் பாதிக்கு ஏற்றி வைத்தாற் போதும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

சார்ஜரைத் திறந்து பார்ப்பதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். உள்ளே 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக மாற்றித் தேக்கி வைக்கும் கண்டென்ஸர் ஒன்று உண்டு. அதில் தேங்கும் அழுத்தம் 320 வோல்ட்டுக்கு மேற்பட்டது. சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது தாக்கக்கூடும். பயிற்சி பெற்ற மெக்கானிக்கே அதனைத் திறக்கத் தக்கவர்.

பின்வரும் அடையாளங்களில் ஒன்று தோன்றினாலும் சோதனையை நிறுத்திவிடவேண்டும்: பாட்டரி உப்பியிருத்தல், இனிப்பும் காரமும் கலந்ததுபோன்ற மணம் வீசுதல், கை வைக்க இயலாத சூடு, சார்ஜரில் கருகிய நாற்றம், கீழே விழுந்து பெட்டி நசுங்கியிருத்தல், நீரில் மூழ்கியிருத்தல். இத்தகைய பாட்டரியை வீட்டுக்குள் வைக்காமல், எரியும் பொருள் அருகில் இல்லாத திறந்த வெளியில் நிழலில் வைத்து, விற்றவரிடமோ மின்கழிவு பெறுவோரிடமோ சேர்க்கவேண்டும். முனைகளின்மீது டேப் ஒட்டிவிடுதல் நன்று. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்யும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. ஆதலின் குப்பையிலோ சிற்றாற்றின் கரையிலோ எறிவதற்கு அவசியமில்லை.

இவ்வெச்சரிக்கைகள் வீண் அச்சத்தால் கூறப்படுவன அல்ல. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில் ஒரு தந்தையும் அவருடைய இளம் மகளும் புகையில் மூச்சுத் திணறி உயிரிழந்தனர். அவ்வாண்டில் நாட்டின் பல இடங்களிலும் மின்சார வண்டிகள் தீப்பற்றியதை அடுத்து, மத்திய அரசு பாட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1 முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. அளவு மீறி ஏறுவதைத் தடுத்தல், மிகத் தாழ்ந்த பாட்டரியைக் கண்டறிந்து மெதுவாக ஏற்றுதல் ஆகிய அமைப்புகள் சார்ஜரிலேயே இருக்கவேண்டும் என்பது அத்திருத்தங்களுள் அடங்கும்.

நெசவாளர் குடும்பங்கள் இதனை மேலும் கருத்திற் கொள்ளவேண்டும். நூற்கட்டும், பாவும், நெய்து மடித்த சேலையும் உள்ள அறையில் சார்ஜ் போடலாகாது. சிமெண்டுத் தரையிலோ கல்மேடையிலோ, துணி மூடாமல், காற்றோட்டமாக வைத்து, வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றுவதே தக்கது. வெளியேறும் வாசலை மறித்தபடி ஸ்கூட்டரை நிறுத்திச் சார்ஜ் போடுதல் கூடவே கூடாது. வயலிலிருந்து வெயிலில் வந்த பாட்டரியை உடனே செருகாமல், ஆறவிட்டுப் பின் செருகவேண்டும். புகை கண்டால், எட்டக்கூடிய இடமாயின் மெயினை அணைத்துவிட்டு, பொருளைக் காக்க முற்படாமல் எல்லோரும் வெளியேறி, 101 அல்லது 112 எண்ணுக்குச் செய்தி தரவேண்டும். அப்புகை நஞ்சுடையது.

சங்கங்கள் செய்யத் தக்கவை

ஒவ்வோர் அங்கத்தினரும் மீட்டர் வாங்குவது அவசியமன்று. சங்கத்தில் ஒன்று இருந்தாற் போதும். அதனோடு, அங்கத்தினரிடையே பெருவழக்காக உள்ள ஸ்பிரேயர் வகைகளுக்கு உரிய நல்ல சார்ஜர் ஒவ்வொன்றையும் சங்கத்தில் வைத்திருக்கலாம். ஸ்பிரேயரைக் கொண்டுவந்து, சங்கத்தின் சார்ஜரில் அரை மணி போட்டுப் பார்த்தால், குறை தம் சார்ஜரிலா பாட்டரியிலா என்பது புதுச் செலவு எதுவுமின்றித் தெரிந்துவிடும்.

சார்ஜர்கள் மாறிப்போகாமல் இருக்க நம்மிடம் உள்ள பொருளே போதும். கருவிக்கும் அதன் சார்ஜருக்கும் ஒரே நிற நூலைக் கட்டி வைக்கவேண்டும். ஈயப் பாட்டரிக்கு உரியவற்றுக்குக் கறுப்பு, லிதியத்துக்கு உரியவற்றுக்குச் சிவப்பு என்று ஊர் முழுவதும் ஒரே முறையைக் கைக்கொண்டால், எழுத்தறியாதவரும் தவறு செய்யார். கருவிகளை மொத்தமாகக் கொள்முதல் செய்யும்பொழுது, உபரிச் சார்ஜரும், பாட்டரியின் வகையும் உச்ச வோல்ட்டும் எழுதிய சீட்டும், உத்தரவாதக் கடிதமும் தந்தாலன்றி வாங்குவதில்லை என்று சங்கம் நிபந்தனை விதிக்கலாம். தனி ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரித்து மழுப்புவார். ஐம்பது பேருக்காகச் சங்கம் கேட்டால் எழுதித் தருவார்.

பழுதான கருவி வரும்பொழுதெல்லாம் நாள், கருவியின் வகை, கண்ட குறை, செய்த பரிகாரம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வருவதும் பயன்படும். ஓராண்டில் அந்நோட்டே எந்த வகைச் சார்ஜர் உழைக்கிறது, எது உழைப்பதில்லை என்பதைக் காட்டிவிடும். அடுத்த கொள்முதலுக்கு அதனைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

பிசானத்துக்கு நாற்றுப் பாவுமுன் ஸ்பிரேயர்களை வெளியே எடுத்து, துளையைத் துடைத்து, வயரை நோக்கி, ஒருமுறை முழுதும் சார்ஜ் ஏற்றித் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்க்கும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். குறை இருப்பின் அப்பொழுதே சங்கத்துக்குக் கொண்டுவரலாம். தீர்க்க நாட்கள் இருக்கும். பயிரில் பூச்சி கண்டபின் தேடினால் அந்நாட்கள் இரா.